கருவாட்டுக் கணக்கும் ஆக்சிலரேட்டர் காசும்: திருகோணமலையில் சமூகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு

“அண்ணா, வெளிநாட்டில ஸ்டார்ட்அப்புக்குக் காசு குடுக்கிறாங்களாம். எப்படி எடுக்கிறது?”

மாதத்துக்கு இரண்டு தடவையாவது இந்தக் கேள்வி என்னிடம் வந்துவிடுகிறது. கோணேசபுரி வளாகத்தில் படிக்கிற பிள்ளைகள் கேட்கிறார்கள். கிண்ணியாவில் பால் சேகரித்துத் தயிர் போடும் தம்பி கேட்டார். குச்சவெளிப் பக்கத்தில் பெண்களைச் சேர்த்துக் கருவாடு போடும் தங்கச்சி ஒருவர், ஆக்சிலரேட்டர் ஒன்றின் விண்ணப்பப் படிவத்தைப் போனில் திறந்து வைத்துக்கொண்டே கேட்டார். முடிவுத் தேதிக்கு இரண்டு நாள்தான் இருந்தது.

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். படிவம் நிரப்புவது இதில் ஏழாவது படி. முந்தைய ஆறையும் விட்டுவிட்டு நேரே படிவத்துக்குப் போனவர்களுக்கு என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அவர்களில் நானும் ஒருவன்.

1. ஆக்சிலரேட்டர் என்ன செய்யும், என்ன செய்யாது

பத்துப் பதினைந்து இளம் தொழில்களை ஓர் அணியாகச் சேர்த்து, மூன்று முதல் ஆறு மாதம் வரை நெருக்கிப் பிடித்து வேலை வாங்குவதுதான் ஆக்சிலரேட்டர். பயிற்சி தருவார்கள். அந்தத் தொழிலில் அடிபட்டு எழுந்தவர்களை மென்டர்களாக உட்காரவைப்பார்கள். கடைசியில் ‘டெமோ டே’ என்று ஒருநாள் வைத்து முதலீட்டாளர்கள் முன்னால் நிறுத்துவார்கள். அமெரிக்காவில் 2005இல் தொடங்கிய வை காம்பினேட்டர்தான் இந்த முறையை உலகம் முழுக்கப் பிரபலமாக்கியது. இப்போது கடல், விவசாயம், பெண்கள் தொழில், சுகாதாரம் என்று துறைவாரியாகப் பல வந்துவிட்டன.

காசு அதில் ஒரு பகுதிதான். சில இடங்களில் காசே கிடையாது, பயிற்சியும் தொடர்புகளும் மட்டும். ஆகவே விளம்பரத்தைப் பார்த்தவுடன் ‘எவ்வளவு தருகிறார்கள்’ என்று தேடாமல், ‘என்ன கட்டத்தில் இருப்பவர்களை எடுக்கிறார்கள்’ என்று முதலில் பாருங்கள். வெறும் யோசனை மட்டும் வைத்திருப்பவர் போக வேண்டிய இடம், யோசனையைத் தொழிலாக வளர்த்தெடுக்க உதவும் இன்கியூபேட்டர், அல்லது ஐடியா போட்டி. ஆக்சிலரேட்டர் பெரும்பாலும் ஏற்கெனவே ஓடத் தொடங்கிய வண்டியைத்தான் தள்ளிவிடும்.

2. ‘புரொஜெக்ட்’ பாஷையை இறக்கி வையுங்கள்

நம்முடைய ஊருக்கே உரிய சிக்கல் என்பதால் இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும்.

2004 சுனாமிக்குப் பிறகும், 2009இல் போர் முடிந்த பிறகும் திருகோணமலைக்கு எத்தனையோ என்.ஜி.ஓ.க்கள் வந்தன. நிறைய நல்லது நடந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்த வருடங்களில் நமக்கு ஒரு பாஷையும் ஒட்டிக்கொண்டது. பயனாளி, வாழ்வாதாரம், விழிப்புணர்வுச் செயலமர்வு, வலுவூட்டல். இன்றைக்கும் இருபத்திரண்டு வயதுப் பிள்ளை ஸ்டார்ட்அப் விண்ணப்பம் எழுத உட்கார்ந்தால் “இத்திட்டத்தின் மூலம் 50 பயனாளிகள் வலுவூட்டப்படுவார்கள்” என்றுதான் முதல் வரி விழுகிறது.

ஆக்சிலரேட்டர்காரர் அந்த வரியைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார்: காசு கொடுத்து வாங்குவது யார்?

ஒரு கரையோரக் கிராமத்தில் சோலர் உலர்த்திப் பெட்டி ஒன்றைப் பார்த்தேன். யாரோ திட்டத்தில் கொடுத்துவிட்டுப் போனது. நல்ல கண்ணாடி மூடி, உள்ளே கம்பி வலைத் தட்டு. தட்டின் மேல் சாக்கை விரித்து ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. பக்கத்து முற்றத்தில் பனையோலைப் பாயில் நெத்தலி காய்ந்துகொண்டிருந்தது. அந்த அம்மாவிடம் ஏன் பெட்டியைப் பாவிக்கவில்லை என்று கேட்டேன்.

“அதுக்குள்ள வைச்சா காயிறதுக்கு முதல் அவிஞ்சு போகுது தம்பி. பிறகு உடையுது. உடைஞ்ச நெத்தலிய யார் வாங்குவா?”

காற்றுப் போக வழி போதாது, அவ்வளவுதான் பிரச்சினை. பெட்டியைக் கொடுத்தவர்களின் அறிக்கையில் அந்த அம்மா இன்னும் ஒரு பயனாளியாக இருப்பார். உங்கள் தொழிலில் அவரை வாடிக்கையாளராகவோ கூட்டாளியாகவோ நினைத்திருந்தால், முதல் வாரத்திலேயே மூடியில் இரண்டு துளை போட்டிருப்பீர்கள். வேண்டாத பொருளை இலவசமாகத் தந்தால் ஆட்கள் மரியாதைக்கு வாங்கிக்கொள்வார்கள். காசுக்கு என்றால்தான் உண்மை வெளியே வரும்.

ஆகவே படிவத்தைத் தொடும் முன் குறைந்தது இருபது முப்பது பேரிடம் போய்க் கதையுங்கள். “இப்படி ஒன்று வந்தால் வாங்குவீர்களா?” என்று கேட்கக்கூடாது. நம் ஆட்கள் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல மாட்டார்கள். “போன மாதம் இதற்கு என்ன செய்தீர்கள், எவ்வளவு செலவானது?” என்று நடந்ததைக் கேளுங்கள். பதிலை அன்றிரவே எழுதி வையுங்கள். அவர்கள் சொன்ன சொல்லாகவே எழுதுங்கள், உங்கள் சொல்லில் திருத்தாதீர்கள். பிற்பாடு படிவத்தில் உயிரோடு நிற்கப்போகும் வரிகள் இவைதான்.

3. ஒரு கிலோவின் கணக்கு

முதலீட்டாளர்கள் ‘யூனிட் எக்கனாமிக்ஸ்’ என்பார்கள். ஒரு பொருளை விற்றால் கையில் என்ன மிஞ்சுகிறது என்ற கணக்குத்தான் அது. கருவாட்டையே எடுப்போம். கீழே உள்ள விலைகள் கணக்கு விளங்குவதற்காக நான் போட்டவை, உங்கள் விலைகளைப் போட்டுப் பாருங்கள்.

ஒரு கிலோ கருவாட்டுக்கு ஏறக்குறைய மூன்று கிலோ பச்சை மீன் வேண்டும் என்று வைப்போம். கிலோ 450 ரூபா என்றால் 1,350. உப்பும் கூலியும் 250. பொதி 80. கொழும்புக்கு அனுப்பும் செலவு 70. மொத்தம் 1,750. நீங்கள் 2,200க்கு விற்றால் கிலோவுக்கு 450 ரூபா மிச்சம். 180,000 ரூபாவுக்கு ஓர் உலர்த்தும் கூடாரம் போட்டால், அந்தக் காசு திரும்பி வர 400 கிலோ விற்க வேண்டும். மாதம் 80 கிலோ என்றால் ஐந்து மாதம்.

இங்கேதான் பருவம் குறுக்கே வருகிறது. நமது கடல் ஏறக்குறைய சித்திரையிலிருந்து புரட்டாதி வரை அமைதி. கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்றும் மாரி மழையும். மீனும் குறைவு, வெயிலும் இல்லை. ஐந்து மாதம் என்பது வைகாசியில் தொடங்கினால்தான் ஐந்து மாதம். ஐப்பசியில் தொடங்கினால் அடுத்த வருட நடுப்பகுதிக்குப் போய்விடும். சூரிச்சிலோ சிங்கப்பூரிலோ இருந்து உங்கள் விற்பனை வரைபடத்தைப் பார்ப்பவருக்கு மார்கழியில் கோடு ஏன் விழுந்து கிடக்கிறது என்று தெரியாது. தொழில் படுத்துவிட்டது என்றே நினைப்பார். பக்கத்தில் ஒரு வரி எழுதி வையுங்கள். அந்த மாதங்களில் என்ன செய்கிறீர்கள் என்பதையும் எழுதினால் இன்னும் நல்லது: சேமித்த சரக்கைச் சிறு பொதியாக்கி விற்பது, மாசி இடிப்பது, எதுவானாலும்.

இந்தக் கணக்குக்குப் பெரிய மென்பொருள் தேவையில்லை. சிஆர் கொப்பி ஒன்று போதும், கூகுள் ஷீட்ஸ் என்றால் இன்னும் வசதி. மூன்று மாதமாவது விடாமல் எழுத வேண்டும், அதுவே பெரிய விஷயம்.

அப்புறம், தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கு. இதில்தான் நான் விழுந்தேன். என் முதல் முயற்சியில் வீட்டுக் கணக்கும் தொழில் கணக்கும் ஒன்றாகவே ஓடின. அந்த வருடம் வைகாசியில் தங்கச்சியின் கல்யாணம். வந்த அன்பளிப்புக் காசையெல்லாம் நான்தான் கொண்டுபோய் அந்தக் கணக்கில் போட்டேன். நேர்காணலில் ஒரு பெண்மணி வங்கிக்கூற்றைத் திரையில் காட்டி, “மே மாதம் விற்பனை மூன்று மடங்கு உயர்ந்திருக்கிறதே, என்ன செய்தீர்கள்?” என்று மிகுந்த ஆர்வத்தோடு கேட்டார். கல்யாணம் செய்தோம் என்று எப்படிச் சொல்வது? சொன்னேன். சிரித்தார். தெரிவாகவில்லை.

4. எந்தக் காசு உங்களுக்குச் சரி

எல்லாக் காசும் ஒரே காசு இல்லை. ஒவ்வொன்றும் பதிலுக்கு உங்களிடம் ஒன்றைக் கேட்கிறது.

மானியம் திருப்பிக் கேட்காது, ஆனால் அறிக்கை கேட்கும், சொன்ன வேலைக்கு மட்டும் செலவழிக்கச் சொல்லும். கடன் மாதாமாதம் கேட்கும். பங்கு முதலீடு மாதாமாதம் எதுவும் கேட்காது. ஆனால் உங்கள் கம்பனியில் ஒரு துண்டை வாங்கிக்கொள்ளும், அந்தத் துண்டு சில வருடங்களில் பல மடங்காகப் பெருக வேண்டும் என்று எதிர்பார்க்கும்.

துண்டின் கணக்கு எளிது. 20,000 டொலருக்கு 6 சதவீதம் கேட்டால், அந்தக் காசையும் சேர்த்து உங்கள் கம்பனிக்கு 20,000 ÷ 0.06, அதாவது ஏறக்குறைய 333,000 டொலர் மதிப்புப் போடுகிறார்கள். வை காம்பினேட்டர் 125,000 டொலருக்கு 7 சதவீதம் எடுக்கிறது. அதற்கு மேல் இன்னொரு 375,000 டொலரை, பங்கின் விலையை அடுத்த முதலீட்டுச் சுற்றில், அதாவது அடுத்த தடவை முதலீட்டாளர்கள் காசு போடும்போது, பார்த்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாட்டில் தருகிறது. கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் விண்ணப்பிக்கிறவர்களில் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான் உள்ளே போகிறார்கள். அதோடு கம்பனி அமெரிக்கா, சிங்கப்பூர், கேமன் தீவுகள் போன்ற சில இடங்களில் பதிவாகியிருந்தால்தான் முதலீடு செய்வார்கள். இலங்கைக் கம்பனிக்காரர் மேலே ஒரு வெளிநாட்டுத் தாய்க் கம்பனியைத் தொடங்க வேண்டியிருக்கும். பத்துப் பெண்களோடு கருவாடு போடும் தொழிலுக்கு இந்தச் சுற்று அவசியமா? என் அபிப்பிராயம், இல்லை. உலகம் முழுவதும் விற்கக்கூடிய மென்பொருளோ கருவியோ வைத்திருப்பவர் தாராளமாக முயலலாம்.

இடையில் இரண்டு கலப்பு வகைகள் உண்டு. ஒன்று மாற்றத்தக்க கடன்: இப்போது கடன், பிறகு பங்காக மாறும். வட்டியும் தவணைத் தேதியும் இருக்கும். மற்றது ‘சேஃப்’ என்ற ஒப்பந்தம், வை காம்பினேட்டர் 2013இல் கொண்டுவந்தது. அதற்கு வட்டி இல்லை, தவணை இல்லை. அடுத்த முதலீட்டுச் சுற்று வரும்போது பங்காக மாறும்.

கிண்ணியாத் தம்பி கேட்டது இதைத்தான். “வட்டி எண்டா நம்மளுக்குச் சரிவராது அண்ணன், வேற வழி இருக்கா?” வட்டி வேண்டாம் என்பவர்களுக்கு ஆக்சிலரேட்டர் உலகம் வங்கியைவிட வசதியாகவே இருக்கிறது. பங்கு முதலீடு இலாபத்தையும் நட்டத்தையும் சேர்ந்து சுமப்பது. சேஃபிலும் வட்டி இல்லை. மாற்றத்தக்க கடனில்தான் வட்டியைப் பற்றிய வாசகம் ஒளிந்திருக்கும், அதைத் தேடிப் பாருங்கள். மார்க்கத் தீர்ப்பு என் வேலையில்லை. தெரிந்த ஆலிம் ஒருவரிடம் ஒப்பந்தத்தைக் காட்டச் சொன்னேன். காட்டினார், சந்தோஷமாகத் திரும்பி வந்தார்.

பொதுவாக என் ஆலோசனை இதுதான்: முதல் காசு மானியமாகவோ பங்கு கேட்காத பரிசாகவோ இருக்கட்டும். விற்பனை ஒழுங்காக ஓடத் தொடங்கிய பிறகு பங்கைப் பற்றிக் கதைக்கலாம். தொடக்கத்திலேயே 20 சதவீதத்தைச் சிறு தொகைக்குக் கொடுத்துவிட்டவர்கள், பின்னால் வரும் பெரிய முதலீட்டாளர் முன்னால் கை கட்டி நிற்க வேண்டிவரும்.

5. பதிவு

சமூகத் தொழிலுக்கென்று, அதாவது ஊர்ப் பிரச்சினை ஒன்றை வியாபாரத்தாலேயே தீர்க்கும் தொழிலுக்கென்று, தனியான சட்ட வடிவம் இலங்கையில் கிடையாது. இருப்பவற்றில் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும்.

பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவு செய்வது சுலபம், செலவும் குறைவு. கிராம சேவகரின் உறுதிப்படுத்தலோடு தொடங்கும். சிறு மானியங்களுக்கும் உள்ளூர்ப் போட்டிகளுக்கும் பெரும்பாலும் இது போதும். ஆனால் இதில் பங்கு விற்க முடியாது, ஏனென்றால் அந்தத் தொழில் சட்டப்படி நீங்களேதான்.

முதலீடு வாங்க வேண்டுமென்றால் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் தனியார் வரையறுக்கப்பட்ட கம்பனி வேண்டும். ஒருவரே பங்குதாரராகவும் பணிப்பாளராகவும் இருக்கலாம். கம்பனிச் செயலாளர் ஒருவரை நியமிக்க வேண்டும். பதிவு இணையவழியில் நடக்கிறது, கொழும்புக்குப் பஸ் ஏறத் தேவையில்லை. முதலில் பெயருக்கு அனுமதி, பிறகு படிவங்கள். இலாபத்தைப் பங்கிடாத அமைப்பு என்றால் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனி என்றொரு வடிவம் உண்டு. அது மானியம் வாங்கும், பங்கு விற்காது.

என் கருத்தில், கம்பனிப் பதிவுக்கு அவசரப்பட வேண்டாம். பதிவு செய்தபின் வருடாந்த அறிக்கை, வரிக் கோவை, செயலாளருக்குக் கட்டணம் எல்லாம் பின்னாலேயே வரும். விற்பனை இல்லாத கம்பனியைச் சுமப்பது வீண் பாரம்.

6. யாரிடம் போவது

பக்கத்தில் இருப்பதிலிருந்து தொடங்குங்கள்.

இலங்கைக்குள் கொழும்பில் ஹட்ச், குட் லைஃப் எக்ஸ் போன்றவை நிகழ்ச்சித்திட்டங்கள் நடத்துகின்றன. குட் லைஃப் எக்ஸ் சூழலுக்கு ஏற்ற உணவு, உற்பத்தி போன்ற தொழில்களில் கவனம் வைப்பது. லங்கா இம்பாக்ட் இன்வெஸ்டிங் நெட்வொர்க் சமூகத் தொழில்களுக்கென்றே இயங்குகிறது. தொலைக்காட்சியில் முதலீட்டாளர் முன்னால் ‘பிட்ச்’ செய்யும், அதாவது தொழிலைச் சுருக்கமாக விளக்கி முதலீடு கேட்கும், ‘அத் பவுர’ நிகழ்ச்சி அவர்களுடையதுதான். வடக்கில் யாழ் ஐ.டி. ஹப் தமிழில் கதைத்துப் பழகக்கூடிய நல்ல களம். முதல் பிட்சைத் தாய்மொழியில் செய்துபார்க்க விரும்புகிறவர்கள் யாழ்ப்பாணம் ஒருதடவை போய் வரலாம். ஐ.நா. அபிவிருத்தித் திட்டமான யு.என்.டி.பி.யும் சிட்டி அறக்கட்டளையும் 2017இல் ஆசிய பசிபிக்கில் தொடங்கிய யூத் கோ:லாப் இளையோருக்கான நிகழ்ச்சித்திட்டம், இலங்கையிலும் நடந்திருக்கிறது. பல்கலைக்கழக மாணவர்கள் ஹல்ட் பிரைஸ் போட்டியைப் பார்க்க வேண்டும். சமூகப் பிரச்சினைக்குத் தொழில்வழித் தீர்வு கேட்கும் அந்தப் போட்டியின் உலகப் பரிசு பத்து இலட்சம் டொலர். அங்கே போகும் முன் வளாக மட்டத்தில் தொடங்கலாம் என்பதுதான் அதன் அழகு.

வெளியே, பங்கு கேட்காமல் தருகிறவர்களில் இரண்டைச் சொல்வேன். யுனிசெஃப்பின் வென்ச்சர் ஃபண்ட், அது வேலை செய்யும் நாடுகளில் பதிவான இலாப நோக்குள்ள கம்பனிகளுக்கு 100,000 டொலர் வரை தருகிறது. இயங்கும் மாதிரி கையில் இருக்க வேண்டும், மென்பொருளை யாரும் எடுத்துப் பாவிக்கக்கூடிய திறந்த மூலமாக வெளியிட வேண்டும். உலக உணவுத் திட்டம் 2015இல் ஜெர்மனியின் மியூனிக்கில் தொடங்கிய இன்னோவேஷன் ஆக்சிலரேட்டர் பசியும் உணவும் சார்ந்த யோசனைகளை எடுக்கிறது. மீன் பழுதாகாமல் காப்பது, அறுவடைக்குப் பிந்திய இழப்பைக் குறைப்பது எல்லாம் அந்த வட்டத்துக்குள் வரும்.

பங்கு முதலீட்டுப் பக்கம், நோர்வேயின் ஒஸ்லோவிலுள்ள கட்டபுல்ட் ஓஷன் கடல் சார்ந்த தொழில்களை மட்டுமே பார்க்கிறது. இயற்கைத் துறைமுகத்தை வாசலில் வைத்திருக்கும் நமக்கு அதன் பெயராவது தெரிந்திருக்க வேண்டும். 2009இல் தொடங்கிய வில்லேஜ் கேப்பிட்டல் இன்னொரு முறையைப் பிரபலமாக்கியது: அணியில் இருக்கும் தொழில்முனைவோரே ஒருவரை ஒருவர் மதிப்பிட்டு முதலீடு யாருக்கு என்று தீர்மானிப்பார்கள். நம் ஊர்ச் சீட்டுக் குழுவில் யார் ஒழுங்காகக் கட்டுவார் என்பது மற்றவர்களுக்குத் தெரிந்திருப்பது போலத்தான்.

பழைய பட்டியல்களை நம்பாதீர்கள். அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி நிறுவனமான யுஎஸ்எய்ட் 2025 ஜூலையோடு மூடப்பட்டது, அதன் காசில் ஓடிய திட்டங்கள் பல நின்றுபோயின. ஆனால் பட்டியல்கள் வட்சப் குழுக்களில் இன்னும் சுற்றுகின்றன. நிறுவனத்தின் சொந்த இணையத்தளத்தில் இந்த வருடத்துத் தேதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டே வேலையைத் தொடங்குங்கள். “தெரிவாகிவிட்டீர்கள், காசை விடுவிக்க முதலில் 200 டொலர் கட்டுங்கள்” என்று வந்தால், அது ஏமாற்று. அதைப் பற்றி இரண்டாவது தடவை யோசிக்கவே வேண்டாம்.

7. படிவம்

எல்லாம் ஆங்கிலத்தில்தான் கேட்பார்கள். ஆனால் ஆங்கிலத்தில் யோசிக்கத் தேவையில்லை. நான் சொல்லிக்கொடுக்கும் முறை இது: உங்கள் தொழிலைப் பற்றி ஒரு நிமிட வொய்ஸ் மெசேஜ் ஒன்றை அம்மாவுக்கோ பெரியம்மாவுக்கோ அனுப்புங்கள். அவர் திருப்பிக் கேட்கும் கேள்விதான் உங்கள் விளக்கத்தில் இருக்கும் ஓட்டை. குச்சவெளித் தங்கச்சி “பெறுமதி சேர்க்கப்பட்ட கடலுணவு உற்பத்தி” என்று அனுப்பினார். “என்ன மகள், கருவாடு தானே?” என்று பதில் வந்தது. அந்தப் பதிலையே எடுத்துப் படிவத்தின் முதல் வரியை மாற்றினோம்: நாங்கள் மணல் ஒட்டாத, ஈ மொய்க்காத கருவாடு செய்கிறோம், மீனவக் குடும்பத்துப் பெண்களிடமிருந்து எடுத்துக் கொழும்புக் கடைகளுக்கு விற்கிறோம். இதை ஆங்கிலமாக்குவது பத்து நிமிட வேலை.

ஏஐ கருவியை மொழிபெயர்க்கப் பாவியுங்கள், தப்பில்லை. ஆனால் பதிலையே அதை எழுதச் சொன்னால், அன்று வந்த நூறு விண்ணப்பங்களைப் போலவே உங்களுடையதும் இருக்கும். நெத்தலி அவிந்துபோன கதை அதற்குத் தெரியாது.

சமூகத் தாக்கத்தைப் பற்றிய கேள்வியில் பலர் சறுக்குகிறார்கள். “பத்துப் பெண்கள் பயனடைந்தனர்” என்பது எதையும் சொல்வதில்லை. வேலைக்கு வந்த பத்துப் பேரில் ஆறு மாதத்துக்குப் பிறகும் எத்தனை பேர் வருகிறார்கள், முன்பு ஒரு நாளுக்கு என்ன கிடைத்தது, இப்போது என்ன கிடைக்கிறது, நீங்கள் இல்லாவிட்டால் அவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்று எழுதுங்கள். கடைசிக் கேள்விக்கு நேர்மையான பதில் சில நேரம் சங்கடமாக இருக்கும், இருந்தாலும் எழுதுங்கள். ஐ.நா.வின் 17 நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளில் எவை பொருந்தும் என்று கேட்டால் ஒன்று அல்லது இரண்டை மட்டும் குறியுங்கள். கருவாட்டுத் தொழில் பதினேழையும் நிறைவேற்றுவதாக எழுதப்பட்ட விண்ணப்பம் ஒன்றை நான் பார்த்திருக்கிறேன்.

‘டீம்’ என்ற பகுதியை இலேசாக எடுக்காதீர்கள். தொடக்கக் கட்டத்தில் அவர்கள் முதலில் எடைபோடுவது ஆளைத்தான். பட்டம் இல்லை என்று கூச்சப்பட வேண்டாம். அப்பாவின் கரைவலையில் பத்து வயதிலிருந்து கயிறு இழுத்தவர் என்பது மீன் தொழிலுக்கு எம்.பி.ஏ.வைவிடப் பெரிய தகுதி. அதை எழுதுங்கள்.

8. நேர்காணல்

முடிவுத் தேதியில் ‘இரவு 11:59, பசிபிக் நேரம்’ (அமெரிக்க மேற்குக் கரை நேரம்) என்றிருந்தால், அங்கே கோடைகாலத்தில் நமக்கு அது அடுத்த நாள் பகல் 12:29. நேர்காணலுக்கும் இதே கணக்கு: கலிஃபோர்னியாவில் காலை பத்து மணி என்றால் இங்கே இரவு பத்தரை. வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு பிரகாசமாகச் சிரித்துக் கதைக்க வேண்டும், தயாராக இருங்கள். போன் டேட்டாவில் இன்னொரு இணைப்பை ஆயத்தமாக வையுங்கள். லெப்டொப்பை முழுதாகச் சார்ஜ் செய்து வையுங்கள். மின்சாரம் போவது அந்த இரவாகத்தான் இருக்கும்.

பெரும்பாலும் பத்து இருபது நிமிடம்தான். கேட்டதற்கு முதலில் பதில், பிறகு விளக்கம். “மாதம் எவ்வளவு விற்கிறீர்கள்?” என்றால் எண்ணைச் சொல்லுங்கள். நாம் ஒன்றைச் சொல்ல ஊர் சுற்றி வருகிற ஆட்கள், எனக்கும் அந்தப் பழக்கம் உண்டு. தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று சேர்த்துச் சொன்னால் போதும்.

தெரிவாகவில்லை என்ற மின்னஞ்சல் வந்தால், அன்றைக்கு ஒன்றும் எழுதாதீர்கள். இரண்டு நாள் கழித்து நன்றி சொல்லி, எந்த இடத்தில் குறைந்தோம் என்று ஒரு வரி கேளுங்கள். பாதிப் பேர் பதில் போடமாட்டார்கள். போடுகிறவர் சொல்வது காசு கொடுத்தாலும் கிடைக்காத ஆலோசனை. பல ஆக்சிலரேட்டர்கள் மறுபடி விண்ணப்பிப்பவரை நினைவில் வைத்திருக்கின்றன. போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் இடையில் என்ன நகர்ந்தது என்றுதான் பார்ப்பார்கள்.

9. ஒப்பந்தமும் காசும்

தெரிவானால் சந்தோஷத்தில் அன்றே கையெழுத்துப் போடாதீர்கள். சட்டத்தரணி ஒருவரிடம் காட்டுங்கள். நீங்கள் தேட வேண்டியவை சில: எத்தனை சதவீதம், எப்போது பங்காக மாறும், பணிப்பாளர் சபையில் அவர்களுக்கு இடம் உண்டா, உங்கள் முடிவுகளைத் தடுக்கும் உரிமை உண்டா, காசு ஒரே தடவையில் வருமா, இலக்குகளை அடைந்தால்தான் அடுத்த தவணையா, பங்குபற்றுவதற்கு அவர்கள் கழித்துக்கொள்ளும் கட்டணம் ஏதும் இருக்கிறதா. கடைசியாகச் சொன்னது சில இடங்களில் இருக்கும்: ஒரு கையால் 20,000 கொடுத்து மறு கையால் பயிற்சிக் கட்டணம் எடுப்பார்கள். அது களவு இல்லை, ஆனால் மிஞ்சுவது எவ்வளவு என்று தெரிந்துகொண்டு போக வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து பங்கு முதலீடு வருகிறதென்றால் இந்தப் பந்தியை இரண்டு தடவை படியுங்கள். 2017இன் 12ஆம் இலக்க அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கீழ், வெளிநாட்டவர் இலங்கைக் கம்பனியில் பங்கு வாங்கும் காசு, அந்த முதலீட்டாளரின் பெயரில் இங்குள்ள வங்கியொன்றில் திறக்கும் உள்முக முதலீட்டுக் கணக்கு வழியாக வர வேண்டும். அவசரத்தில் நேரே கம்பனியின் நடைமுறைக் கணக்குக்கு அனுப்பச் சொன்னால், பிற்காலத்தில் அவர் தன் இலாபத்தைத் திருப்பி எடுக்கும்போது சிக்கல் வரும், அந்தச் சிக்கல் உங்கள் தலையில்தான் விழும். ஒப்பந்தம் பேசும்போதே வங்கியில் ஒருவரைச் சந்தித்துக் கேளுங்கள். மானியக் காசுக்கு இந்தச் சுற்று இல்லை. எதற்காக வந்த காசு என்று வங்கி கேட்டால் ஒப்பந்தத்தைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

டொலரில் வரும் காசை வந்த அன்றே முழுதாக ரூபாவாக்குவதா என்பதும் யோசிக்க வேண்டியது. 2022இல் ரூபா சரிந்த வேகத்தை நாம் எல்லோரும் பார்த்தோம். ஆறு மாதத்துக்கு முன் போட்ட பட்ஜெட்டில் இருந்த கம்பி வலையின் விலை, கடைக்குப் போகும்போது வேறாக இருந்தது. பட்ஜெட்டில் விலை ஏறினால் எதைக் குறைப்போம் என்று ஒரு வரி முன்கூட்டியே எழுதி, அதைக் காசு தருகிறவரிடமும் சொல்லி வைத்துவிடுங்கள்.

குச்சவெளித் தங்கச்சி அந்த இரண்டு நாளில் விண்ணப்பிக்கவில்லை. நான்தான் வேண்டாம் என்றேன், கொஞ்சம் கோபித்துக்கொண்டார். இப்போது கணக்குக் கொப்பி நான்காவது மாதத்தில் இருக்கிறது. கூடாரத்தின் இரண்டு பக்கமும் காற்றுப் போக வலை அடித்துவிட்டார்கள். போன கிழமை போனில் கேட்டார்: “அண்ணா, உடைஞ்ச நெத்தலியத் தூளாக்கிச் சம்பலுக்கு விக்கிறன், அது தனிக் கணக்கா எழுதவா, ஒண்டாவா?” தனியாக எழுதச் சொன்னேன்.